மருமகளின் கொள்ளுத்தாத்தா சிசிலி தாதாக் கூட்டத்து ஆளா? எங்கிருந்து தேடுவது?

மன்னார்குடி பத்திரக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். இப்போது வீட்டோடு இருக்கிறேன். மகன் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறான், கல்யாணமும் அங்கேயே. மருமகள் அமெரிக்காவில் பிறந்தவள்தான், பூர்வீகம் சிசிலித் தீவு. இருவரும் ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் பாகப்பிரிவினைப் பத்திரங்களை விரித்து வைத்து ஏழு தலைமுறைக்கு வம்சாவளி போட்டுக் காட்டினேன். அவள் பக்கம் என்ன என்று கேட்டால் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிடுகிறது.

காரணம் இதுதான். அவர் கொர்லியோனே ஊர்க்காரர். 1900க்குப் பிறகு நியூயார்க் போயிருக்கிறார், பின்னாலேயே மனைவி கைக்குழந்தையோடு போயிருக்கிறார். கிழக்கு ஹார்லெமில் குடித்தனம். "மொரெல்லோ கூட்டத்தில் இருந்தார், 1910 கள்ளநோட்டு வழக்கில் உள்ளே போனார்" என்று குடும்பத்தில் ஒரு பேச்சு. மொரெல்லோ கூட்டம் என்பது அந்நாளில் நியூயார்க்கில் இருந்த சிசிலி மாஃபியாக் கூட்டம். மருமகளின் பாட்டி உயிரோடு இருந்தவரை இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாராம். ஒரு மாமா மட்டும் நேர்மாறு: "மொரெல்லோவே நமக்குச் சொந்தம், என் பாட்டியின் அம்மா அந்த வீட்டுப் பெண்" என்று பார்ட்டிக்குப் பார்ட்டி சொல்வாராம். குடும்பப் பெயரை இங்கே போட வேண்டாம் என்று மருமகள் கேட்டுக்கொண்டாள்.

முதலில் போலீஸ் ஆவணத்தைத் தேடுவதா, பிறப்புப் பதிவைத் தேடுவதா? எனக்கு இத்தாலிய மொழி சுத்தமாகத் தெரியாது. காசு கட்டாமல் பார்க்க வழி உண்டா?

வெண்ணாற்றங்கரை:

ஐயா, சம்பந்தி வீட்டுக் கதையைக் கிளறி என்ன ஆகப்போகிறது? அல் கபோன் மாதிரி யாராவது கிளம்பினால் பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிக்கொண்டு திரியும். சிசிலிக்காரர்கள் என்றாலே அந்தக் கதைதானே.

அரசலாற்றுக்காரி:

வெண்ணாறு அண்ணே, அல் கபோன் சிசிலிக்காரரே இல்லை. பிறந்தது புரூக்ளின், அப்பா அம்மா நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

ஐயா, எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம். நியூ ஜெர்சியில் ஒரு நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் இருக்கிறேன். "எங்கள் தாத்தா மாஃபியா" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. சிலர் பெருமையாகச் சொல்வார்கள், சிலர் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். இரண்டு வகைக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: குற்றக் கோப்பைக் கடைசியில் பாருங்கள். உங்கள் தொழிலிலேயே சொல்வதானால், இடையில் உள்ள தொடர்பு ஆவணங்கள் இல்லாமல் மூலப்பத்திரத்துக்குத் தாவினால் அந்தச் சொத்தை யாராவது வாங்குவார்களா?

மருமகளின் பாட்டியுடைய இறப்புச் சான்றிலிருந்து தொடங்குங்கள். பெற்றோர் பெயர் அதில் இருக்கும். பிறகு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆள் பெயரோடு கூடிய தாள்களை 72 ஆண்டு கழித்துத்தான் திறப்பார்கள், 1950 வரை இப்போது பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கணக்கு தொடங்கினால் போதும், காசு கிடையாது. உங்களுக்கு முக்கியமானது 1910. மொரெல்லோ வழக்கில் தண்டனை கொடுத்தது அந்த ஆண்டு பிப்ரவரியில். கணக்கெடுப்பு நாள் ஏப்ரல் 15. சிறையில் இருப்பவரைச் சிறைக் கணக்கில்தான் எழுதுவார்கள். கொள்ளுத்தாத்தா ஏப்ரலில் வீட்டுக் கணக்கில் இருந்தால் பாதிக் கதை அங்கேயே தீர்ந்தது. அந்த விசாரணையில் தண்டனை பெற்றவர்கள் மொத்தமே எட்டுப் பேர். மொரெல்லோவுக்கு 25 ஆண்டு, அவருடைய கூட்டாளி லூப்போவுக்கு 30 ஆண்டு, இருவரும் போனது அட்லாண்டா மத்தியச் சிறைக்கு. எட்டுப் பெயரும் அன்றைய செய்தித்தாள்களில் வந்தவை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய நாளிதழ்களை இலவசமாகவே வைத்திருக்கிறது.

அடுத்து கப்பல். குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட நியூயார்க் எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று உங்கள் சம்பந்தி வீட்டிலும் சொல்வார்கள், நம்பாதீர்கள். பட்டியலைக் கப்பல் கம்பெனிக்காரர்கள் ஏறும் துறைமுகத்திலேயே எழுதிவிடுவார்கள். தீவில் அதை வைத்துச் சரிபார்த்ததோடு சரி. இத்தாலியப் பெண்களைக் கணவர் பெயரில் தேடினால் கிடைக்க மாட்டார்கள், பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரில்தான் பயணம் செய்வார்கள். பட்டியலின் கடைசிப் பக்கங்களையும் விடாதீர்கள். தனியாக வந்த பெண்ணைக் கணவரோ உறவினரோ வந்து அழைத்துப்போகும் வரை நிறுத்தி வைப்பார்கள். அதற்குத் தனித்தாள் உண்டு: யாரிடம் போகிறார், எந்தத் தெரு, காத்திருந்த நேரத்தில் எத்தனை வேளை சாப்பாடு போட்டார்கள் என்பது வரை எழுதியிருக்கும்.

அப்புறம் கொர்லியோனே. இத்தாலிய அரசு ஆவணக் காப்பகங்களின் 'அன்டெனாட்டி' தளத்தில் பலெர்மோ மாகாணத்துக்குள் அந்த ஊர் வரும். படங்களை இலவசமாகப் பார்க்கலாம். சிசிலியில் அரசுப் பதிவு 1820லேயே தொடங்கிவிட்டது. மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எல்லாம் அச்சடித்த படிவம், ஒன்றைப் படித்துவிட்டால் மற்றவையும் அதே வரிசைதான். தேதியையும் வயதையும் எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதியிருப்பார்கள், அது மட்டும் கொஞ்சம் படுத்தும். தகப்பன் பெயருக்கு முன்னால் 'டி' இருந்தால் அவர் உயிரோடு இருக்கிறார், 'ஃபு' இருந்தால் காலமாகிவிட்டார்.

ஒரு எச்சரிக்கை. முதல் மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் வைப்பது அங்கே வழக்கம். ஒரே ஜியுசெப்பேக்கு நான்கு மகன்கள் என்றால், பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் அதே பெயரில் நான்கு பேரன்கள் வந்துவிடுவார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது தாயின் பெயர் ஒன்றுதான். இன்னொன்று, கூட்டத் தலைவர் ஜியுசெப்பே மொரெல்லோ 1867ல் கொர்லியோனேயில் பிறந்தவர். தகப்பன் இறந்த பிறகு தாய் டெர்ரனோவா என்பவரை மறுமணம் செய்தார். அந்தக் கூட்டத்தின் டெர்ரனோவா சகோதரர்கள் இவருடைய ஒருதாய்ப் பிள்ளைகள். லூப்போ இவர்களுடைய சகோதரியைக் கட்டியவர். உறவு பெண்கள் வழியாக ஓடியிருக்கிறது. வெறும் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடினால் உண்மையான சொந்தம் நழுவிவிடும், சம்பந்தமில்லாத மொரெல்லோ ஒட்டிக்கொள்வார்.

நாகூர் கடலோரம்:

அக்கா சொல்வது சரி. எங்கள் பாட்டனார் வழியில் பினாங்கு போனவர்கள் உண்டு. 1867ல் அங்கே சீனச் சங்கங்கள் இரண்டு மோதிக்கொண்டபோது வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்று முஸ்லிம்களும் இரண்டு அணியாகச் சேர்ந்தார்கள். விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். "நம் ஆள் அந்த அறிக்கையில் இருக்கிறார்" என்று எங்கள் வீட்டிலும் ஒருவர் மார்தட்டுவார். இருப்பது இருக்கட்டும், சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா, கடையைப் பறிகொடுத்தவரா என்று இதுவரை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

மன்னார்குடி பத்திரக்காரர்:

அரசலாற்றம்மா, உங்களுக்குக் கோடி நன்றி. மகனும் மருமகளும் அங்கேயிருந்து பார்க்க, நான் இங்கேயிருந்து பார்க்க, ராத்தூக்கம் போனது. பலன் உண்டு. 1910 கணக்கில் கொள்ளுத்தாத்தா ஹார்லெம் வீட்டில் மனைவி மக்களோடு இருக்கிறார். தொழில் சுவர்ப்பூச்சு. எட்டுப் பேரில் அவர் இல்லை. கொள்ளுப்பாட்டியை நீங்கள் சொன்னபடி பிறந்த வீட்டுப் பெயரில் தேடியதும் கப்பல் கிடைத்தது. நிறுத்தி வைத்த தாளிலும் இருக்கிறார்: 'கணவரிடம்' என்று போட்டு ஹார்லெம் தெரு முகவரி. ஒரு காலைச் சாப்பாடு, ஒரு மதியச் சாப்பாடு. மருமகள் அந்த வரியைத் தனியாக வெட்டி எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

கொள்ளுப்பாட்டியின் பிறப்புப் பதிவும் கிடைத்துவிட்டது. தாயின் குடும்பப் பெயர் மொரெல்லோதான். மாமா பேச்சில் பாதி உண்மை. ஆனால் அந்தத் தாய் எந்த மொரெல்லோ வீட்டுப் பெண்? சிறைக்கே போகாதவரைப் பற்றி 'உள்ளே போனார்' என்ற பேச்சு எப்படி வந்தது?

அரசலாற்றுக்காரி:

சுவர்ப்பூச்சு என்றதும் எனக்கு ஒன்று தட்டுப்படுகிறது. 1902ல் மொரெல்லோ கொர்லியோனே ஊர்க்காரர்களுக்கென்று ஒரு கூட்டுறவுக் கட்டடக் கம்பெனி தொடங்கினார், பெயர் இக்னாட்ஸ் ஃப்ளோரியோ சங்கம். ஊர்க்காரர்களிடம் பங்கு விற்று அடுக்குக் குடியிருப்புகள் கட்டினார்கள். 1907 பண நெருக்கடியில் எல்லாம் சரிந்தது. ஹார்லெமில் இருந்த கொர்லியோனே பூச்சுக்காரர் அங்கே வேலை செய்திருக்கலாம், பங்கு வாங்கிப் பணத்தை விட்டிருக்கலாம். கூட்டத்தோடு தொடர்பு என்றால் எந்தப் பக்கத்துத் தொடர்பு என்று பார்க்க வேண்டும். மிரட்டல் கடிதம் வந்து பணம் கட்டியவர்களும் சிசிலிக்காரர்களே. அதைப் பார்க்க, கள்ளநோட்டு வழக்குகளை விசாரித்த அமெரிக்க ரகசியப் போலீஸின் (சீக்ரெட் சர்வீஸ்) அன்றாட அறிக்கைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இப்போது அதில் இறங்கலாம், பெயர், முகவரி, தொழில் மூன்றும் கையில் இருக்கிறதே.

மொரெல்லோ பெண்ணுக்கு வழி இது. அவருடைய திருமணப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்கும். அந்தப் பெற்றோரின் திருமணம் 1860க்கு முன்னால் என்றால், பதிவோடு இணைப்புக் கட்டு ஒன்று தனியாக உண்டு, அன்டெனாட்டியில் 'அல்லெகாட்டி' என்று தேடுங்கள். மணமக்களின் பிறப்பு நகல், இறந்துபோன பெற்றோரின் இறப்பு நகல், தகப்பன் இல்லாவிட்டால் தாத்தாவின் இறப்பு நகல் வரை கோத்து வைத்திருப்பார்கள். 1867ல் பிறந்த மொரெல்லோவின் தகப்பனுக்கும் இதையே செய்யுங்கள். இரண்டு கட்டிலும் ஒரே தாத்தா பாட்டி வந்தால் மாமா சொன்னது சரி, வராவிட்டால் அடுத்த பார்ட்டியில் மருமகள் அவரிடம் பேசிக்கொள்ளட்டும்.

படம் கிடைத்தால் இங்கே போடாதீர்கள் ஐயா, குடும்பப் பெயர் தெரியும். எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.