வாக்களித்த பிறகு எங்கள் கையில் என்ன இருக்கிறது?

ஒழுங்கைவாசி:
எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் இடத்திலுள்ள மதகு தூர்ந்துபோனதால், கார்த்திகை மாரியில் முழங்காலளவு வெள்ளம் நிற்கிறது. சனசமூக நிலையத்தில் கூடி, அறுபது பேர் கையொப்பமிட்ட மனுவைப் பிரதேச சபையில் கொடுத்தோம். பல மாதங்களாகியும் பதில் இல்லை. 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் தவறாமல் வாக்களித்த அயலவர்கள், அடுத்த முறை பகிஷ்கரிப்போம் என்கிறார்கள். அதைத் தவிர வேறு வழி உண்டா?

ஓய்வுபெற்ற இலிகிதர்:
நீங்கள் கொடுத்தது வேண்டுகோள். அதைக் கோவையில் போட்டுவிட்டு இருந்துவிடலாம் என்பது அந்த மேசையில் பல வருடங்கள் இருந்த எனக்குத் தெரியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் விண்ணப்பத்தை அப்படி விடமுடியாது. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடுகளைக் கேட்கவென்று நியமிக்கப்பட்ட 'குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும்', அதன்பின் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம். மதகைத் திருத்தித் தாருங்கள் என்று மட்டும் எழுதவேண்டாம். உங்கள் மனுமீது எடுக்கப்பட்ட தீர்மானத்தின் பிரதி, மதகுக்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டிருந்தால் அதன் பிரதி, உங்கள் வட்டாரத்து வீதி வேலைகளுக்குச் சென்ற ஆண்டு செலவான தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கூறத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம்.

வடலி:
கடதாசி கேட்டால் கடதாசிதான் வரும், ஐயா. மதகு வருமா?

ஓய்வுபெற்ற இலிகிதர்:
கடதாசி மட்டும் வந்தால் மதகு வராதுதான். ஆனால், மதிப்பீடே தயாரிக்கப்படவில்லை என்று எழுத்தில் வந்துவிட்டால், அடுத்த ஆண்டுக்கான பாதீடு சபைக்கு வருமுன் அதை உங்கள் வட்டார உறுப்பினரின் கையில் கொடுத்துக் கேட்கலாம். வாய்ப்பேச்சுக்குச் சமாளிப்பவர், சபையின் சொந்தக் கடிதத்தின் முன் சமாளிப்பது கடினம்.

வலிகாமத்தான்:
சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஆயினும் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது, அடிப்படை உரிமை மனுவொன்று தாக்கல் செய்யப்பட்டிருந்ததனால்தான். பகிஷ்கரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1931இல் முழுச் சுயாட்சி கேட்டு யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ், அந்நாளைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கான தேர்தலைப் பகிஷ்கரித்தது. நோக்கம் உயர்ந்தது, நான் அதை இழித்துரைக்கவில்லை. ஆனால் குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன, வெற்று ஆசனத்திடம் எவரும் கேள்வி கேட்கமுடியாது.

ஒழுங்கைவாசி:
மிக்க நன்றி. விண்ணப்பத்திலும் அறுபது பேரும் கையொப்பமிட வேண்டுமா?

ஓய்வுபெற்ற இலிகிதர்:
ஒருவர் போதும். நேரில் கொடுத்தால் எழுத்தில் ஒப்புகை கேட்டு வாங்குங்கள், அதைத் தரவேண்டியது அவர்களது கடமை. தபாலில் அனுப்புவதாயின் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.