கறிவேப்பிலையில் முட்டையிடும் சிவப்புப் பிறை வண்ணத்துப்பூச்சி எது?

மாடித்தோட்டம், மதுரை:
வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு கறிவேப்பிலை மரமும், தொட்டியில் ஓர் எலுமிச்சைக் கன்றும், சுவரோரமாக நந்தியாவட்டையும் உள்ளன. சில நாள்களாக ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலைக்கு வந்து, துளிர்களில் ஒவ்வொன்றாக முட்டையிட்டுச் செல்கிறது. பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டும், ஓரத்தில் சிவப்புப் பிறைகளும், கீழே வாலும் இருப்பதால், படத்தைப் பார்த்த நண்பர் அதை ரோஜா அழகி என்றார். ஆனால் ரோஜா அழகியின் புழுக்கள் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற ஒரே இனத்துச் செடிகளில்தான் வளரும் என்று படித்திருக்கிறேன். அவை எங்கள் தெருவிலேயே இல்லை. எலுமிச்சையிலும் பறவை எச்சம் போன்ற புழுக்களைக் காண்கிறேன். அவையும் இதனுடையவைதானா? நந்தியாவட்டைக்கு அருகில் இரவில் சுவரில் அமரும் பெரிய பச்சைப் பூச்சியைப் பற்றியும் அறிய விரும்புகிறேன்.

பொதிகைச்சாரல்:
அம்மா, உங்கள் ஐயம் மிகச் சரியானது. அது ரோஜா அழகி அன்று. அதைப் போல வேடமிட்ட கறிவேப்பிலை அழகியின் பெண். இந்த இனத்தில் ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி, கறுப்புப் பின்சிறகின் குறுக்கே வெள்ளைப் புள்ளிகளின் வரிசையோடு இருக்கும். பெண்களிலோ மூன்று வடிவங்கள் உண்டு: ஒன்று ஆணைப் போன்றது, இன்னொன்று நீங்கள் பார்த்த, ரோஜா அழகியைப் போன்றது, மூன்றாவது முன்சிறகில் வெள்ளைப் பட்டைகளும் பின்சிறகில் சிவப்புப் புள்ளிகளும் கொண்ட சிவப்புடல் அழகியைப் போன்றது. அந்த இரண்டு அழகிகளும் புழுவாக இருக்கும்போது தின்ற ஆடுதீண்டாப்பாளை இனத்தின் நஞ்சை உடலில் சேமித்து வைத்திருப்பதால், ஒருமுறை கடித்துப் பார்த்த பறவை மறுமுறை அவற்றை நாடாது. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகியின் பெண், அந்த அச்சத்தின் நிழலில் முட்டையிட இடம் தேடுகிறது.

இவற்றைப் பிரித்தறியச் சிறகை விட்டுவிட்டு உடலைப் பாருங்கள். ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் தலையும் வயிறும் நல்ல சிவப்பாக இருக்கும். கறிவேப்பிலை அழகி எவ்வளவு கச்சிதமாக வேடமிட்டாலும் அதன் உடல் கறுப்புத்தான். சிறகின் மேற்புறம், அடிப்புறம், உடலின் பக்கவாட்டு, அமர்ந்த செடி ஆகிய நான்கும் தெரியும்படி படமெடுத்தால் பெரும்பாலான குழப்பங்கள் அகலும். என் அனுபவத்தில், பூச்சியின் நிறத்தைவிட அது முட்டையிடும் செடியே நம்பகமான சான்று.

அந்திநேரம்:
பச்சைப் பூச்சி பற்றி மட்டும் சொல்கிறேன். நந்தியாவட்டை அருகே, பச்சையும் வெளிர் இளஞ்சிவப்பும் கலந்த பட்டைகளோடு, சிறகுகளைப் போர் விமானம் போலப் பின்னோக்கிச் சாய்த்து அமர்ந்திருந்தால், அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதன் புழு அரளி, நந்தியாவட்டை இலைகளைத் தின்னும். உடல் பச்சையாகவும், வால் பக்கம் ஒரு சிறு கொம்போடும், தலைக்குச் சற்றுப் பின்னால் இரண்டு நீலநிறக் கண் போன்ற புள்ளிகளோடும் இருக்கும். செடியின் அடியில் பருமனான எச்சம் கிடந்தால் மேலே புழு இருக்கிறது என்று பொருள். கூட்டுப்புழுவாகும் நேரத்தில் நிறம் மங்கி, கீழே இறங்கிச் சருகுக்குள் ஒளிந்துகொள்வதால், அந்தச் சருகை உடனே கூட்டிவிடாதீர்கள்.

உணர்கொம்பின் நுனி குமிழ் போல இருந்தால் வண்ணத்துப்பூச்சி. இழை போலவோ இறகு போலவோ இருந்தால் அந்துப்பூச்சி. பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளும் உண்டு என்பதால், நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது.

மாடித்தோட்டம், மதுரை:
இருவருக்கும் மிக்க நன்றி. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடல் முழுக்கக் கறுப்பு. சுவரில் அமர்வதும் நீங்கள் சொன்ன பட்டைகளோடுதான் இருக்கிறது. எலுமிச்சைக் கன்று மிகச் சிறியது. இருக்கும் இலைகளையும் புழுக்கள் தின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பொதிகைச்சாரல்:
எலுமிச்சையில் இருப்பவை கறிவேப்பிலை அழகியாகவும் இருக்கலாம், வாலில்லாத எலுமிச்சை அழகியாகவும் இருக்கலாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டு பூச்சிகளுமே இச்செடிகளை நாடுகின்றன. எச்சம் போன்ற இளம்புழு வளர்ந்து பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னால் கவட்டை போன்ற கொம்பை நீட்டி நாற்றத்தை வெளிவிடும். இவை இரு இனத்துக்கும் பொது என்பதால், சிறகு விரிந்த பிறகு பெயரிடுவதே நல்லது. எலுமிச்சை அழகிக்குக் கறுப்பில் வெளிர்மஞ்சள் புள்ளிகளும், பின்சிறகின் உள்மூலையில் ஒரு சிவப்புப் புள்ளியும் இருக்கும்.

கன்றைக் காக்க மருந்து தெளிக்க வேண்டாம். புழு இருக்கும் இலையைக் காம்போடு கிள்ளி, கறிவேப்பிலையின் துளிருக்கு அருகில் செருகிவிடுங்கள். அது தானாகவே ஏறிக்கொள்ளும். ஏற்கெனவே நடுவில் பட்டு நூல் கட்டித் தண்டில் தொங்கும் கூட்டுப்புழுவை மட்டும் அசைக்காமல் விட்டுவிடுங்கள்.