வட கரோலைனா 12-ஆம் காங்கிரஸ் தொகுதி: வரலாறு தேடும்போது எங்கெங்கே சிக்கும்? (அனுபவப் பகிர்வு)

எல்லைக்கல்:
அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்திலிருந்து காங்கிரஸின் (அந்நாட்டு நாடாளுமன்றம்) பிரதிநிதிகள் அவைக்கு ஆளனுப்பும் 12-ஆம் தொகுதி பற்றி எழுத உட்காருகிற பலர், 1992-இல் தொடங்கி, பாம்புபோல் நீண்ட வரைபடத்தைக் காட்டி, அப்போது வென்ற மெல் வாட் பெயரைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் நிறைய இருக்கிறது. இந்தத் தொகுதியைத் துருவியவர்கள் எங்கே தடுக்கும், எப்படிச் சரிபார்ப்பது என்று இங்கே போடுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

முதலில் மனதில் வாங்க வேண்டியது, 12 என்பது வெறும் எண், ஊர் இல்லை. மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பை வைத்து மாறும். 12 இடம் இருந்தால்தானே 12-ஆம் தொகுதி இருக்கும்? 1803-இல் வந்த எண் 1843-இல் இடங்கள் 9 ஆகக் குறைந்ததும் மறைந்தது. நூறு ஆண்டு கழித்து 1943-இல் திரும்பியது, 1963-இல் மறுபடி போனது, 1993-இல் மூன்றாம் முறையாக வந்தது. முதல் இரண்டு முறையும் அது பெரும்பாலான காலம் மேற்குக் கோடியில் இருந்த மலைநாடு, ஆஷ்வில் பக்கம். மூன்றாம் முறை வந்தபோது நடு மாநிலத்துக்கு, சார்லட் பக்கம் வந்துவிட்டது. ராய் டெய்லர் 1960 இடைத்தேர்தலில் 12-க்கு உறுப்பினரானார். 1963 முதல் அவர் 11-ஆம் தொகுதி உறுப்பினர். மனிதரும் அதே, மலையும் அதே, எண் மட்டும் வேறு.

அதனால் குறிப்பு எடுக்கும்போது தொகுதி எண்ணோடு காங்கிரஸ் எண்ணையும் (இரண்டாண்டுக்கு ஒரு காங்கிரஸ் என்று வரிசையாக இடும் எண்) சேர்த்தே எழுதுங்கள். காங்கிரஸ் எண்ணை இரண்டால் பெருக்கி 1787-ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆண்டு வரும். 103 என்றால் 1993. 1933 வரை பதவிக்காலம் மார்ச் 4-இல் தொடங்கியது, 1935 முதல் ஜனவரி 3. பழைய பட்டியலில் "1823–1825" என்றிருந்தால் அது ஜனவரிக் கணக்கு அல்ல.

பழங்கணக்கு:
பழைய 12-ஐப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாத இடம் அது. 1817 முதல் 1823 வரை அங்கிருந்து போனவர் ஃபீலிக்ஸ் வாக்கர். 1820-இல் மிசௌரியை மாநிலமாகச் சேர்ப்பது பற்றிய விவாதத்தில், வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்று அவையே கேட்டபோதும், தன் பங்கம் கவுண்டிக்காக (மாவட்டம் போன்ற உட்பிரிவு) பேசியே தீர வேண்டும் என்று நின்றார். வெற்றுப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பங்கம்' என்ற சொல் அந்தக் கவுண்டியின் பெயரிலிருந்துதான் வந்தது.

அவருக்குப் பின் ராபர்ட் பிராங்க் வான்ஸ், 1825-இல் வான்ஸை வென்ற சாமுவேல் கார்சன். இந்தப் பகை 1827 நவம்பரில் துப்பாக்கிச் சண்டையாகி வான்ஸ் உயிரிழந்தார். இங்கே ஒரு பொறி. இதே பெயரில் இவருடைய அண்ணன்/தம்பி வழி மகன் ஒருவரும் 1873 முதல் 1885 வரை வட கரோலைனாவிலிருந்தே காங்கிரஸில் இருந்தார். இணையக் குறிப்புகளில் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். மூத்தவர் 1793–1827, இளையவர் 1828–1899. பெயரை மட்டும் தேடாமல் பிறப்பாண்டையும் சேர்த்துத் தேடுங்கள்.

கார்சனுக்குப் பின் வந்த ஜேம்ஸ் கிரேயம் வரிசையில் 1836-இல் ஒரு இடைவெளி தெரியும். எதிராளி முறையிட்டதால் அவை அந்த இடத்தைக் காலியென்று அறிவித்தது. மறுதேர்தலிலும் அவரே வென்றார். பட்டியலில் இரண்டு வரி இருந்தாலும் ஆள் ஒருவர்தான்.

வழக்குக்கட்டு:
1991-க்கு வருகிறேன். முன்கதை இல்லாமல் இந்தத் தொகுதி புரியாது.

ஜார்ஜ் ஹென்றி வைட் 2-ஆம் தொகுதியிலிருந்து 1897–1901 இருந்தார். 1900-இல் வாக்காளருக்கு எழுத்தறிவுத் தேர்வும் பாட்டன் விதிவிலக்கும் (முன்னோருக்கு வாக்குரிமை இருந்திருந்தால் தேர்வு வேண்டாம் என்பது) மாநில அரசியல் சட்டத்தில் ஏறின. கறுப்பின மக்களின் வாக்கு பறிபோனது. வைட் 1901-இல் விடைபெற்ற பிறகு வட கரோலைனாவிலிருந்து ஒரு கறுப்பின உறுப்பினர்கூட 1992 தேர்தல் வரை காங்கிரஸுக்குப் போகவில்லை. 12-இன் விசித்திர வடிவத்தைக் காட்டுகிறவர்கள் இந்தத் தொண்ணூற்றுச் சொச்ச ஆண்டையும் அதே பக்கத்தில் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1990 கணக்கெடுப்பில் மாநிலத்துக்கு 12-ஆவது இடம் கிடைத்தது. சட்டமன்றம் முதலில் போட்ட வரைபடத்தில் கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி ஒன்றுதான், 1-ஆம் தொகுதி. மாநிலத்தின் 100 கவுண்டிகளில் 40 வாக்குரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுக்குள் வந்ததால் மத்திய அரசின் நீதி அமைச்சகத்தின் முன் ஒப்புதல் தேவைப்பட்டது. அமைச்சகம் மறுத்தது. இரண்டாவது கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதியாக 12 பிறந்தது. டர்ஹமிலிருந்து காஸ்டோனியா வரை சுமார் 160 மைல், பெரும்பகுதி ஐ-85 நெடுஞ்சாலையின் அகலம்தான். அது கடந்த 10 கவுண்டிகளில் 5 கவுண்டிகள் மூன்று தொகுதிகளாகத் துண்டாயின. ஓரிடத்தில் வேறு இரு தொகுதிகளை ஒற்றைப் புள்ளியில் தொட்டுக் கடப்பதால்தான் தொடர்ச்சியே மிஞ்சியது. 1992-இல் 12-இல் மெல் வாட்டும் 1-இல் ஈவா கிளேட்டனும் வென்றார்கள்.

வழக்குகளின் வரிசையில்தான் அதிகம் குழம்புகிறது. உச்ச நீதிமன்றத்தின் ஷா எதிர் ரீனோ தீர்ப்பு (1993 ஜூன் 28, நீதிபதிகள் 5–4) தொகுதியை ரத்து செய்யவில்லை. இனத்தை மட்டுமே வைத்து வரைந்ததாகத் தெரியும் எல்லையை எதிர்த்து வழக்குப் போடலாம், கடுமையான ஆய்வுக்கு (வலுவான காரணம் காட்டினால்தான் நிற்கும்) அது உட்படும் என்றுதான் சொன்னது. ரத்தானது ஷா எதிர் ஹண்ட் (1996 ஜூன் 13, அதுவும் 5–4) தீர்ப்பில். அதிலும் 1-ஆம் தொகுதி பற்றிய குறை ஏற்கப்படவில்லை, மனுதாரர்கள் அங்கே வசிக்கவில்லை என்பதால். 1997-இல் புது வரைபடம் வந்தது, கீழ் நீதிமன்றம் தடுத்தது. 1998-இல் இன்னொன்று வந்தது. உச்ச நீதிமன்றம் 1999-இல் ஹண்ட் எதிர் குரோமார்ட்டியில் 1997 வரைபடத்தை முழு விசாரணைக்குத் திருப்பியது. 2001 ஏப்ரல் 18-இல் ஈஸ்லி எதிர் குரோமார்ட்டியில் அதை ஏற்றது. காரணம் இனமா கட்சியா என்ற கேள்வியில், கட்சி என்ற விளக்கத்தை மனுதாரர்களால் உடைக்க முடியவில்லை.

எல்லைக்கல்:
இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. வரைபடம் நிறைவேறிய ஆண்டும் தேர்தல் நடந்த ஆண்டும் ஒன்றல்ல. 1992, 94, 96 தேர்தல்கள் மூன்றும் முதல் வரைபடத்தில் நடந்தன. 96 ஜூனில் ரத்தானாலும் அந்த ஆண்டுத் தேர்தலை அதிலேயே நடத்தவிட்டார்கள். 1998 தேர்தல் 1998 வரைபடத்தில். 2000 தேர்தல் திரும்பவும் 1997 வரைபடத்தில்! தேதி வரிசையில் அடுக்கினால் இந்த இடத்தில் தவறாமல் பிசகும். பிறகு 2002 முதல் 2010 வரை 2001 வரைபடம், 2012-க்கும் 14-க்கும் 2011 வரைபடம், 2016-க்கும் 18-க்கும் 2016 வரைபடம், 2020-க்கு 2019-இல் போட்டது, 2022-க்கு நீதிமன்றம் போட்டது, 2024-க்கு 2023 அக்டோபரில் போட்டது. 2000 தேர்தலில் வென்றவருக்கு 1998 எல்லையை வரைந்துவிட்டால் மக்கள்தொகை விகிதம் முதல் எல்லாமே தப்பாகிவிடும்.

வரைகோல்:
அளவெடுப்பது பற்றி. "எவ்வளவு கோணல்" என்பதைச் சொல்லப் பரப்பை நான்கு பையால் (4π) பெருக்கி, சுற்றளவின் வர்க்கத்தால் வகுப்பார்கள். வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.785. 160 மைல் நீளம், ஒரு மைல் அகலம் என்று ஒரு பட்டையை வைத்துப் போட்டுப் பாருங்கள்: 0.019 வரும். முதல் 12 எந்த வகையைச் சேர்ந்தது என்பது உடனே விளங்கும்.

எல்லைக் கோப்புகளுக்கு இரண்டு இடம். கணக்கெடுப்பு நிறுவனத்தின் டைகர் கோப்புகள் அண்மைக் காலத்துக்கு, யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் வரலாற்று எல்லைத் தொகுப்பு 1789-இலிருந்து. டைகரில் வட கரோலைனாவின் எண் 37, ஆகவே 3712 என்று வடிகட்டினால் 12 வரும். கிடைத்த கோப்பை அப்படியே க்யூ-ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து பரப்பு கேட்கக் கூடாது. அது பாகையில் இருக்கும். முதலில் ஈ.பி.எஸ்.ஜி. (வரைபட அளவைகளுக்கான குறியீட்டு எண்) 32119-க்கு மாற்றுங்கள், அது வட கரோலைனாவுக்கான மீட்டர் அளவை. 2264-ஐத் தேர்ந்தால் அடியில் வரும். நம் விகிதத்துக்கு அலகு எதுவானாலும் பரவாயில்லை, ஆனால் பரப்பைத் தனியாக எழுதும்போது மாட்டிக்கொள்வோம்.

இதைவிடப் பெரிய தவறு, இரண்டு காலத்து எல்லைகளை இரண்டு துல்லியத்தில் எடுத்து ஒப்பிடுவது. விரிவான கோப்பில் ஓடையும் தெருவும் வளைவு வளைவாக இருக்கும், சுற்றளவு கூடும். எளிமைப்படுத்திய 1:500,000 கோப்பில் அவை நறுக்கப்பட்டிருக்கும். சுற்றளவு வர்க்கமாவதால் சின்ன வேறுபாடும் பெருகும். எல்லைக்கோடு ஒரே துல்லியத்தில் இருக்கும் கோப்புகளை மட்டும் ஒப்பிடுங்கள்.

வழக்குக்கட்டு:
வடிவத்தை அளந்துவிட்டு நிறுத்துகிறவர்களுக்கு 2011 ஒரு பாடம். 2001-க்கும் 2011-க்கும் வெளித்தோற்றம் பெரிதாக மாறவில்லை, இரண்டும் சார்லட்டிலிருந்து கிரீன்ஸ்பரோ வரை நீண்ட கொடிதான். உள்ளே இருந்த ஆட்கள் மாறிவிட்டார்கள்.

2010 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை 95,35,483. மாநிலத்துக்கு அப்போதிருந்த 13 இடங்களால் வகுத்தால் தொகுதிக்கு 7,33,499 பேர். பழைய 12-இல் இதைவிட 2,847 பேர்தான் கூடுதல், அரை சதவீதம்கூட இல்லை. விளிம்பில் கொஞ்சம் வெட்டினால் போதும். ஆனால் வாக்குரிமை வயதினரில் சுமார் 50,000 வெள்ளையர்கள் வெளியே போனார்கள், சுமார் 35,000 கறுப்பினத்தவர் உள்ளே வந்தார்கள். வாக்குரிமை வயதினரில் கறுப்பினப் பங்கு 43.8-லிருந்து 50.7 சதவீதமானது. இனம் அல்ல, கட்சிதான் காரணம் என்ற மாநிலத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் கூப்பர் எதிர் ஹாரிஸில் (2017 மே 22) ஏற்கவில்லை; கில்ஃபோர்ட் கவுண்டி 5-ஆம் பிரிவுக்குள் வருவதால் இப்படிச் செய்ய வேண்டியிருந்தது என்று வரைந்தவர்களே முன்பு சொல்லியிருந்தார்கள். நாற்பது சொச்ச சதவீதத்திலேயே மெல் வாட் தொடர்ந்து வென்ற தொகுதிக்கு அந்தத் தேவை எங்கே வந்தது?

செய்முறை இதுதான்: பழைய வரைபடத்தையும் புதியதையும் கணக்கெடுப்பு பிளாக் (கணக்கெடுப்பின் மிகச் சிறிய நிலப்பகுதி) அளவில் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, தங்கியவர், போனவர், வந்தவர் என்று மூன்றாகக் கூட்டுங்கள். அதை மொத்த மக்கள்தொகைக்கும் வாக்குரிமை வயதினருக்கும் தனித்தனியே செய்யுங்கள். முதல் 12-இல் மொத்தத்தில் கறுப்பினப் பங்கு 56-க்கு மேல், வாக்குரிமை வயதினரில் அதைவிடக் குறைவு. இந்த இரண்டையும் கலந்து எழுதிய கட்டுரைகள் ஏராளம்.

வாக்குப்பெட்டி:
தேர்தல் முடிவுக் கோப்புகளில் 12-க்கு இரண்டு குழி இருக்கிறது.

ஒன்று 2014. வீட்டுவசதி நிதி முகமைக்குத் தலைவராகப் போக மெல் வாட் ஜனவரி 6-இல் விலகினார். பிரதிநிதிகள் அவையில் காலி இடத்தை நியமனத்தால் நிரப்ப முடியாது, தேர்தல்தான் வழி. ஆளுநர் அதைத் தனியே நடத்தாமல் நவம்பர் 4 பொதுத்தேர்தலோடு சேர்த்தார். பத்து மாதம் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்காக அவையில் வாக்களிக்க ஆளில்லை. தொகுதி அலுவலகம் அவைச் செயலரின் பொறுப்பில் நடக்கும், ஆனால் மசோதாவில் கை தூக்க யாரும் இல்லை. தொகுதி வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு உறுத்துகிறது. அன்று ஒரே நாளில் ஒரே இடத்துக்கு இரண்டு வாக்கு: மீதிக் காலத்துக்கு ஒன்று, அடுத்த இரண்டாண்டுக்கு ஒன்று. இரண்டிலும் ஆல்மா ஆடம்ஸ் வென்றார், நவம்பர் 12-இல் பதவியேற்றார். கோப்பில் இரண்டு வரிசையும் இருக்கும். கூட்டிவிட்டால் வாக்கு இரட்டிப்பாகிவிடும்.

இரண்டாவது 2016. பிப்ரவரி 5-இல் கீழ் நீதிமன்றம் 2011 வரைபடத்தை ரத்து செய்தபோது மார்ச் 15 உட்கட்சித் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு அச்சாகிவிட்டது. காங்கிரஸ் போட்டி சீட்டில் இருந்தது, ஆனால் அந்த வாக்கு கணக்கில் வரவில்லை. செல்லும் உட்கட்சித் தேர்தல் புது எல்லையில் ஜூன் 7-இல் நடந்தது. எடுக்க வேண்டியது ஜூன் கோப்பு.

சாவடி வாரியாகப் பிரிக்கிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். வட கரோலைனாவில் முன்கூட்டிப் போடும் வாக்கு, போட்ட மையத்தின் பெயரில் பதிவாகி வரலாம், வாக்காளரின் சொந்தச் சாவடியில் இல்லாமல். தேர்தல் வாரியம் சாவடிக்குத் திருப்பிப் பிரித்த கோப்பையும் வெளியிடுகிறது. அதை எடுக்காவிட்டால் சாவடிக் கூட்டல் குறைவாகத் தெரியும்.

பீட்மாண்ட்:
ஒரு சிறு கேள்வி. 2016 வரைபடத்தில் 12 முழுக்க மெக்லென்பர்க் கவுண்டிக்குள் அடங்கிவிட்டது. கிரீன்ஸ்பரோவில் இருந்த ஆடம்ஸ் எப்படி அங்கே நின்றார்?

வழக்குக்கட்டு:
அரசியல் சட்டம் கேட்பது மாநிலத்தில் வசிப்பதைத்தான், தொகுதியில் வசிப்பதை அல்ல. அவர் பிறகு சார்லட்டுக்கே குடிபெயர்ந்தார்.

எல்லைக்கல்:
அப்படி 12 கிளம்பிப் போனபின் கிரீன்ஸ்பரோவுக்கு என்ன ஆனது என்பதையும் தொடர்ந்து பாருங்கள். 2016 வரைபடம் ஊரை 6-க்கும் 13-க்கும் பிரித்தது. கோடு, கறுப்பின மாணவர்கள் பெருமளவு படிக்கும் வட கரோலைனா ஏ அண்ட் டி பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே போனது. ஒரே வளாகத்தின் விடுதிகளில் இருந்தவர்கள் இரண்டு தொகுதி வாக்காளர்கள். கட்சி நோக்கத்தோடு வரைந்ததை எதிர்த்த வழக்கை, இது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கும் கேள்வி அல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ருச்சோ தீர்ப்பு (2019 ஜூன் 27) கைவிட்டது. மாநில நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2019 இறுதியில் வந்த வரைபடத்தில் வளாகம் ஒரே தொகுதிக்குள், 6-இல், சேர்ந்தது. இந்த வளாகத்தின் பிரதிநிதி யார் என்று தேடும்போது அஞ்சல் குறியீட்டை வைத்துத் தேடாதீர்கள், 2016-க்கும் 2018-க்கும் ஒரே குறியீட்டுக்கு இரண்டு விடை வரும். பிளாக் எண்ணை எடுத்து, அந்தந்தத் தேர்தலின் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்.