நிலைக்குழுவால் பட்ஜெட்டில் ஒரு ரூபாயையாவது மாற்ற முடியுமா?

வைகைக்கரை (கேள்வி)

தமிழகச் சட்டமன்றத்தின் மானியக் கோரிக்கை (துறைகள் தங்கள் செலவுக்குப் பணம் கேட்டு அவையின் ஒப்புதலுக்கு வைப்பது) விவாதங்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பை அவையில் வைப்பார். உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்குப் பாலமும் கல்லூரியும் கேட்பார்கள். தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானங்கள் வந்த வேகத்திலேயே போய்விடும். மாலைக்குள் மானியம் நிறைவேறிவிடும். தில்லியில் நடைமுறை வேறு என்கிறார்கள். பிப்ரவரி 1 அன்று நிதிநிலை அறிக்கை தாக்கலானதும் பொது விவாதம் நடக்கிறது. பிறகு சில வாரங்களுக்கு இரு அவைகளும் ஒத்திவைக்கப்பட்டிருக்க, அந்த இடைவெளியில் இரு அவை உறுப்பினர்களும் அடங்கிய துறைசார் நிலைக்குழுக்கள் ஒவ்வோர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் ஆராய்ந்து அறிக்கை தருகின்றன. அந்த அறிக்கையால் ஒதுக்கீட்டுத் தொகை மாறுகிறதா என்பதே என் கேள்வி. மாறாது என்றால், இத்தனை உறுப்பினர்களும் அதிகாரிகளும் இதற்காக ஏன் உழைக்கிறார்கள்?

ஏடும் எழுத்தும்

நேரடியான விடை: குழுவால் ஒரு ரூபாயைக்கூட மாற்ற முடியாது. அரசியலமைப்பின் 113ஆவது பிரிவின்படி மக்களவை ஒரு மானியக் கோரிக்கையை ஏற்கலாம், மறுக்கலாம் அல்லது குறைத்து ஏற்கலாம். கூட்டுவதற்கு அவைக்கே அதிகாரம் இல்லை. குறைப்பதற்கான கருவி வெட்டுத் தீர்மானம். ஆனால், வெட்டுத் தீர்மானத்தின் தன்மையுள்ள எதையும் நிலைக்குழுவின் அறிக்கை பரிந்துரைக்கக் கூடாது என்று மக்களவை விதிகள் தடுத்துவிட்டன. குறித்த கால அவகாசத்திற்குள் அறிக்கையைத் தந்தாக வேண்டும், கூடுதல் நாள் கேட்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. அறிக்கையின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை.

இந்த அமைப்பு ஏன் வந்தது என்பதைப் பார்த்தால்தான் அதன் பயன் புரியும். பெரும்பாலான அமைச்சகங்களின் கோரிக்கைகள் அவையில் பேசப்படுவதே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் சில அமைச்சகங்களை மட்டும் விவாதத்திற்கு எடுத்துக்கொண்டு, ஒதுக்கிய கடைசி நாளில் மிச்சமுள்ள அனைத்தையும் அவைத்தலைவர் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடுகிறார். இதற்குக் கில்லட்டின் என்று பெயர். 2018இலும் 2023இலும் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமின்றி இப்படித்தான் நிறைவேறின. அவையில் இல்லாத நேரத்தைக் குழுவறையில் தேடும் முயற்சியாக 1989இல் வேளாண்மை, சுற்றுச்சூழல், அறிவியல் ஆகியவற்றுக்கு மூன்று குழுக்கள் தொடங்கப்பட்டன. 1993இல் அது 17 குழுக்களாக விரிந்தது. 2004இல் 24 ஆனது. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேர், மாநிலங்களவையினர் 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக இருக்க முடியாது. மானியக் கோரிக்கையின் மீது வாக்களிக்கும் உரிமை இல்லாத மாநிலங்களவையினர், ஓர் அமைச்சகத்தின் செயலரை எதிரே அமர்த்தி ஒதுக்கீட்டைப் பற்றிக் குறுக்குக் கேள்வி கேட்கக்கூடிய இடம் இந்தக் குழுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வரப்போரம்

மேலே உள்ள விளக்கத்தில் பிழை இல்லை. ஆயினும் அது குழுவுக்குச் சற்றுத் தாராளமாகவே மதிப்பெண் போடுகிறது. நூறு நாள் வேலைத் திட்டத்திற்கு 2023-24இல் நேர்ந்ததைப் பாருங்கள். முந்தைய ஆண்டில் 73,000 கோடி ரூபாயாகத் தொடங்கிய ஒதுக்கீடு, ஆண்டின் இடையில் தொகையை மறுகணக்கிடும் திருத்திய மதிப்பீட்டில் 89,400 கோடியானது. அடுத்த பட்ஜெட்டில் அதை 60,000 கோடியாக இறக்கினார்கள். கனிமொழி தலைமையிலான ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் நிலைக்குழு இதை எடுத்துக்கொண்டபோது, அமைச்சகமே 98,000 கோடி கேட்டிருந்தது என்ற விவரம் வெளிவந்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இவ்வளவு இடைவெளி ஏன் என்று குழு வினவியது. குறைப்பைக் குறித்து அறிக்கையில் கவலையும் தெரிவித்தது. அமைச்சகத்தின் வழக்கமான பதில், இது தேவையின் அடிப்படையில் நடக்கும் திட்டம், பணம் போதாவிட்டால் நிதி அமைச்சகத்திடம் மேலும் கேட்டுக்கொள்வோம் என்பதாகவே இருந்தது.

60,000 கோடி அப்படியே நிறைவேறியது. அதுவும் ஒரு சொல் விவாதமின்றி, ஏனென்றால் கில்லட்டின் விழுந்த 2023 அதே ஆண்டுதான். பிறகு ஆண்டின் நடுவே பணம் போதாமல், திருத்திய மதிப்பீட்டில் தொகை 86,000 கோடிக்கு ஏறியது. குழு சொன்னது சரி என்று கணக்கே காட்டிவிட்டது. ஆனால், இடைப்பட்ட மாதங்களில் கூலி பாக்கிக்காக வங்கிக்கும் ஊராட்சி அலுவலகத்திற்கும் நடப்பவர்களுக்கு அந்த அறிக்கையால் என்ன கிடைத்தது? ஜெர்மனியின் கூட்டாட்சி நாடாளுமன்றத்தில் பட்ஜெட் குழு, நவம்பரில் நள்ளிரவு தாண்டியும் நீளும் தன் இறுதி அமர்வில் தொகைகளையே ஏற்றி இறக்குகிறது. அந்த அதிகாரத்தில் பத்தில் ஒரு பங்காவது இங்கே வேண்டும் என்பது என் கருத்து.

மேசை விளக்கு

வரப்போரம் ஐயா, உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால், 98,000 கோடி என்ற எண் உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஓர் அமைச்சகம் எவ்வளவு கேட்டது, நிதி அமைச்சகம் அதில் எவ்வளவை வெட்டியது என்பது பட்ஜெட் ஆவணங்களில் இருக்காது. எந்தச் செயலரும் செய்தியாளரைக் கூப்பிட்டு அதைச் சொல்லப் போவதில்லை. குழுவின் செயலகம் முன்கூட்டியே நீண்ட வினாப்பட்டியலை அனுப்புகிறது. துறை அதற்கு எழுத்தில் பதில் தர வேண்டும். பிறகு செயலர் தம் அதிகாரிகளுடன் நேரில் வந்து வாய்மொழிச் சாட்சியம் அளிக்கிறார். கதவு மூடிய அறை, தொலைக்காட்சி கிடையாது, கொறடாவின் ஆணையும் அங்கே செல்லாது. ஆளுங்கட்சி உறுப்பினரும் சங்கடமான கேள்வியைக் கேட்க முடிவது அதனால்தான். பணம் போதாமல் தவிக்கும் துறைக்கு, தன் குறையை விதிமீறாமல் சொல்ல அது ஒரு வாய்ப்பு.

2018இல் பாதுகாப்புக் குழுவின் முன் இராணுவத் துணைத் தளபதி சரத் சந்த், படையின் தளவாடங்களில் 68 விழுக்காடு பழமையானவை என்றும், அந்த ஆண்டின் ஒதுக்கீடு தங்கள் நம்பிக்கையைத் தகர்த்துவிட்டது என்றும் சாட்சியம் அளித்தார். பணியில் இருக்கும் ஒரு தளபதி இதை வேறெங்கே சொல்லியிருக்க முடியும்? அறிக்கை வெளியான அதே மார்ச்சில் எல்லாக் கோரிக்கைகளும் விவாதமின்றி நிறைவேறின என்பதையும் மறைக்கவில்லை.

வைகைக்கரைக்கு ஒரு யோசனை. மானியக் கோரிக்கை பற்றிய அறிக்கையோடு நின்றுவிடாதீர்கள். அது வந்த மூன்று மாதங்களுக்குள் அரசு தன் பதிலைத் தர வேண்டும். அதை வைத்துக் குழு ஒரு நடவடிக்கை அறிக்கை வெளியிடும். அரசு ஏற்றவை இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கும், பதிலைப் பார்த்துக் குழு மேலும் வற்புறுத்தாமல் விட்டவை மூன்றாம் அத்தியாயத்தில். நான்காம் அத்தியாயத்தில்தான் சண்டை: அரசின் பதிலை ஏற்க முடியாது என்று குழு கூறுபவை அங்கேதான் வரும். ஐந்தாவதில் இறுதிப் பதிலுக்குக் காத்திருப்பவை. ஒரே அமைச்சகத்தின் நான்காம் அத்தியாயங்களைச் சில ஆண்டுகளுக்கு அடுக்கி வைத்துப் படித்தால், எந்தப் பரிந்துரையை அரசு தொடர்ந்து தட்டிக்கழிக்கிறது, எது மெல்ல இரண்டாம் அத்தியாயத்திற்கு நகர்கிறது என்பது தெரிந்துவிடும். குழுவின் செல்வாக்கை அளக்க இதைவிட நல்ல வழியை நான் அறியேன்.

வைகைக்கரை

விரிவான பதில்களுக்கு நன்றி. ஒரு துணைக் கேள்வி. 2024இல் தேர்தல் முடிந்து ஜூலை 23 அன்றுதானே முழு பட்ஜெட் வந்தது? அப்போது குழுக்களே அமைக்கப்பட்டிருக்கவில்லை அல்லவா?

ஏடும் எழுத்தும்

ஆம். குழுக்களின் பதவிக்காலம் ஓராண்டுதான். மக்களவை கலைந்தால் புதிதாக அமைக்க வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே பட்ஜெட் நிறைவேறிவிட்டது, குழுக்களோ செப்டம்பர் இறுதியில்தான் அமைந்தன. ஆகவே இடைவேளையும் இல்லை, முன் ஆய்வும் இல்லை. 2024-25க்கான கோரிக்கைகளைக் குழுக்கள் பிறகு எடுத்துக்கொண்டு டிசம்பரில் அறிக்கைகளை வைத்தன. நிறைவேறிய தொகையின் மீது அவற்றால் எதுவும் செய்ய முடியாது. திருத்திய மதிப்பீடும் அடுத்த ஆண்டின் பட்ஜெட்டும் நிதி அமைச்சகத்தில் உருவாகும் காலம் அது என்பதால், அவற்றில் ஏதேனும் எதிரொலித்ததா என்று பார்க்க 2025-26இன் ஆவணங்களை அந்த டிசம்பர் அறிக்கைகளோடு ஒப்பிட வேண்டும். நீங்கள் ஊரக வளர்ச்சியிலிருந்து தொடங்கலாம்.