புதுப்பிப்பு: 38 ஜிபி போய்ச் சேர்ந்துவிட்டது

38 ஜிபி நுண்ணோக்கிப் படங்களை வேறொரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஆய்வுக் கூட்டாளிக்கு எப்படி அனுப்புவது என்று போன வாரம் கேட்டிருந்தேனே, அனுப்பியாகிவிட்டது.

முதலில் பென்டிரைவ் யோசனை. ஐந்து ஜிப்பாகக் கட்டினேன், ஒவ்வொன்றும் சுமார் 8 ஜிபி. 64 ஜிபி பென்டிரைவ் காலியாகக் கிடந்தும் ஒன்றுகூட ஏறவில்லை! யாரோ டிவியில் படம் பார்க்க அதை ஃபேட்32 (டிரைவில் கோப்புகளைச் சேமிக்கும் ஒரு பழைய முறை) ஆக்கி வைத்திருந்தார்கள். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எக்ஸ்ஃபேட் என்ற புதிய முறைக்கு மாற்றினால் ஏறும். ஆனால் கூரியரை நம்ப மனம் வரவில்லை.

அப்புறம்தான் நீங்கள் சொன்ன ஜெனோடோ, ஆய்வுத் தரவுகளைப் போட்டு வைக்கும் இணையக் களஞ்சியம். ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்துவது, 2013 முதல் இருக்கிறது, இலவசம். ஒரு பதிவுக்கு 50 ஜிபி, 100 கோப்புகள் வரை போடலாம். (இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களைத் தனித்தனியாக ஏற்றியிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன்.) கட்டுரையில் காட்ட டிஓஐ எண்ணும் (தரவுக்கான நிரந்தர அடையாள எண்) கிடைத்தது. கட்டுரை வரும்வரை கோப்புகளைப் பூட்டி வைக்கலாம் என்றதும் நெறியாளரும் சரி என்றுவிட்டார்.

ஹாஸ்டல் வைஃபை இரண்டு ராத்திரி பாதியில் விழுந்தது. மூன்றாம் நாள் லேபில் கேபிள் செருகி ஏற்றினேன். கூட்டாளி இறக்கி எம்டி5 (கோப்பு சிதையாமல் வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்புக் குறியீடு) ஒப்பிட்டபோது மூன்றாவது ஜிப் மட்டும் ஒத்துப்போகவில்லை. மறுபடி இறக்கினார், சரியாகிவிட்டது.