பழைய பிக்கப்பில் தொங்கும் ரூஃப் துணி: ஒட்டினால் போதுமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி (காவேரிப்பட்டணம்):

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 2009 மாடல் இரட்டைக் கேபின் பிக்கப் வண்டி இருக்கிறது. மாம்பழப் பருவம் முழுவதும் தோட்டத்துக்கும் கூழ் ஆலைக்கும் இடையே ஓடும். ஆலை வாசலில் வரிசை நீளும் நாட்களில் பகல் முழுவதும் வெயிலிலேயே நிற்கும். சென்ற கோடையில் பின் இருக்கைக்கு மேலே ரூஃப் துணி லேசாக உப்பத் தொடங்கியது. இப்போது தலையில் படும் அளவுக்குத் தொங்குவதால், சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பின்னால் வரும் லாரிகூட நடுக்கண்ணாடியில் சரியாகத் தெரிவதில்லை.

ஒரு கடையில் ஊசி வழியாகப் பசை செலுத்தி ஒட்டித் தந்தார்கள். சில நாட்களிலேயே துணி மறுபடி இறங்கிவிட்டது. ஒட்டிய இடங்களில் மஞ்சள் கறையும் விழுந்துவிட்டது. துணியை விரலால் அழுத்தினால் ஓரங்களிலிருந்து பழுப்பு நிற மாவு இருக்கைமேல் கொட்டுகிறது. இன்னும் நல்ல பசையாக வாங்கி ஒட்டலாமா, முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா? வீட்டிலேயே செய்யக்கூடிய வேலையா?

பதில் 1 (பாலக்கோடு, குஷன் வேலை செய்பவன்):

ஐயா, அந்தப் பழுப்பு மாவிலேயே விடை இருக்கிறது. கூரைத் தகட்டுக்கு அடியில் பொருத்தியிருக்கும் அட்டையில் ரூஃப் துணி நேரடியாக ஒட்டப்படுவதில்லை. துணியின் பின்புறம் மெல்லிய ஃபோம் இருக்கும், அந்த ஃபோம்தான் அட்டையோடு ஒட்டியிருக்கும். பாலியூரித்தேன் ஃபோம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் இருந்தால் மக்கி உதிர்ந்துவிடும். பசை இன்னும் அட்டையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். இடையிலிருந்த ஃபோம்தான் போய்விட்டது. ஆகவே எவ்வளவு விலையுயர்ந்த பசையை ஊற்றினாலும் அது மாவைத்தான் ஒட்டும், துணியை அல்ல. பழைய துணியையே திரும்ப ஒட்டும் வேலைக்கு இனி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

அட்டையைக் கீழே இறக்கித்தான் செய்ய வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, சன் வைசர், கைப்பிடிகள், ரூம் லைட், கண்ணாடியோரத் தூண் மூடிகள், கதவு பீடிங் ஆகியவற்றை வரிசையாக எடுங்கள். பழைய பிளாஸ்டிக் கிளிப்புகள் காய்ந்திருக்கும் என்பதால் சில உடையும். புதியவற்றை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. இருக்கைகளை முழுவதும் சாய்த்து, இரண்டு பேர் பிடித்துக் கதவு வழியாக அட்டையை வளைக்காமல் வெளியே எடுங்கள். மடிந்துவிட்டால் அந்தக் கோடு புதுத் துணியிலும் தெரியும்.

வேலையின் தரம் சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. துணியை உரித்தபின், மீதமுள்ள ஃபோமை நைலான் பிரஷ்ஷால் ஒரு துகள் இல்லாமல் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பிப் பிரஷ் அட்டையைக் கிழிக்கும், தண்ணீர் பட்டால் அட்டை ஊறிவிடும். தூசு மூக்கில் ஏறும், ஆகவே முகக்கவசம் கட்டாயம். கையால் தடவும்போது மாவு ஒட்டாத நிலை வந்த பிறகுதான் பசையை எடுக்க வேண்டும்.

அட்டை, புதுத் துணியின் ஃபோம் பக்கம் இரண்டின்மீதும் பசையைச் சீராக அடித்து, விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக்கூடாது என்ற பதம் வரும்வரை காத்திருங்கள். துணியைப் பாதியாக மடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக்கொண்டே வாருங்கள். பள்ளமான இடங்களில் முதலில் துணியை உள்ளே இறக்கிவிட்டுப் பிறகு மேலே நகருங்கள். அழுத்தித் தேய்த்தால் பசை துணிக்கு வெளியே ஊறும். ஓரத்தில் நான்கு விரல் அளவு துணி விட்டுப் பின்புறம் மடித்து ஒட்டி, ஓர் இரவு காயவிட்ட பிறகே ரூம் லைட் துளையை வெட்டுங்கள்.

பதில் 2 (ஓசூர்):

மேலே சொன்னதோடு இரண்டு செய்திகள். பர்கூரில் துணி மலிவு என்று சாதாரணத் துணியை வாங்கிவிடாதீர்கள். ஃபோம் இல்லாத துணியில் பசை ஊறிக் கறை தெரியும், அட்டையின் மேடுபள்ளமும் அப்படியே தெரியும். 3 மில்லிமீட்டர் ஃபோம் சேர்ந்த ரூஃப் துணி என்றே கேட்டு வாங்க வேண்டும்; இங்கே கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தேடலாம். பசையும் அதிக வெப்பம் தாங்கும் வகையாக இருக்கட்டும். மே மாத வெயிலில் நிற்கும் வண்டியின் கூரைத் தகடு தொட முடியாத அளவுக்குக் காய்கிறது. சாதாரணப் பசை அங்கே இளகிவிடும்.

பதில் 3 (தருமபுரி):

அட்டை இறங்கியிருக்கும் நேரத்தில் கூரைத் தகட்டையும் பார்த்துவிடுங்கள். கேரியர் போல்ட் துளைகளிலும் முன்கண்ணாடி ரப்பர் ஓரத்திலும் நீர் கசிந்தால் புதுத் துணியும் ஓராண்டில் கறைபடும். மேலே தண்ணீர் ஊற்றி ஒருவர் உள்ளிருந்து பார்த்தாலே தெரிந்துவிடும். துருவைச் சுரண்டி பிரைமர் அடித்து சீலன்ட் வைத்த பிறகே அட்டையை ஏற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. அட்டையின் பின் மூலையில் ஒரு விரிசல் இருக்கிறது. அதற்காக அட்டையையே மாற்ற வேண்டுமா?

பதில் 1 (பாலக்கோடு):

தேவையில்லை, ஐயா. துணி ஒட்டுவதற்கு முன்பே, அட்டையின் பின்புறத்தில் ஃபைபர் துணி வைத்து ரெசின் பூசுங்கள். காயும்வரை அடியில் பலகை கொடுத்து வடிவம் மாறாமல் நிறுத்தி வையுங்கள். தகட்டில் இடிக்காத அளவுக்கு மெல்லிய பூச்சாக இருந்தால் போதும்.