புராஸ்டேட் வீக்கம்: நீராவியா, சுரண்டி எடுப்பதா?

மண்டபம் டிரைவர்:
வயது 61. விசைப்படகு ஓட்டுகிறேன். காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. வலை இழுக்கிற நேரம் பார்த்து மூத்திரம் அவசரமாக முட்டும். ஓரமாகப் போய் நின்றால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பயல்களுக்குச் சிரிப்பு. ஸ்கேனில் புராஸ்டேட் சுரப்பி 50 கிராம், பி.எஸ்.ஏ. என்கிற புராஸ்டேட் ரத்த டெஸ்ட் சரியாக இருக்கிறது. மூத்திரம் இறங்க டாம்சுலோசின் மாத்திரை போட்டால் தேவலை, ஆனால் சட்டென எழுந்தால் கிறுகிறுக்கிறது. படகில் அது ஆகாது. டாக்டர், மூத்திரப் பாதை வழியாகப் போய் வீங்கிய சதையைச் சுரண்டி எடுக்கலாம் என்கிறார். நீராவி வைத்தியம் என்கிறார்களே, மீன்பிடித் தடைக்காலத்தில் முடித்துக்கொள்ளலாமா?

கீழக்கரை பெரியவர்:
தம்பி, மதுரையில் நான் செய்துகொண்டது அதுதான். ரெசூம் என்பார்கள். மூத்திரக் குழாய் வழியாக உள்ளே போய், ஒரு குத்துக்கு 9 விநாடி ஆவி விடுவார்கள். வெந்த சதையை உடம்பு மெதுவாகக் கரைக்கும். அன்றைக்கே பலன் கேட்டால் கிடைக்காது. மூத்திரம் இறங்க வைத்த டியூபோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பையைத் தொடையில் கட்டி, கைலியை இறக்கிக் கட்டி, தொழுகையெல்லாம் வீட்டிலேயே. டியூபை எடுத்த பிறகும் எரிச்சல், அவசரம், லேசாக ரத்தம். "காசு கொடுத்து வம்பை வாங்கியிருக்கீங்க" என்றாள் வீட்டுக்காரி. இப்போது ராத்திரி ஒரு தடவை எழுந்தால் அதிகம். முழுப் பலனுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். ஏப்ரல் 15 படகைக் கட்டியதும் செய்துகொள்ளுங்கள். மே கடைசியில் செய்துவிட்டு ஜூன் 15 கடலுக்குப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

யூராலஜி வார்டு நர்ஸ், ராமநாதபுரம்:
அய்யா, 30 முதல் 80 கிராம் வரை நீராவி பொருந்தும், உங்களுக்கும் அளவு சரிதான். சுரண்டினால் மூத்திர ஓட்டம் இன்னும் நன்றாக வரும். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போய்விடும். ஆபத்தில்லை, முன்னாடியே தெரிந்திருந்தால் போதும். நீராவியில் அது அபூர்வம். அந்தக் கருவியை ஒருவருக்குத்தான் பயன்படுத்த முடியும், செலவு அதில்தான் ஏறுகிறது. மூத்திரப்பையில் கல்லோ, கிட்னியில் வீக்கமோ இருந்தால் சுரண்டுவதுதான் நல்லது. ஓட்டம் அளக்கும் டெஸ்ட் எடுத்தீர்களா? மூத்திரம் போன பிறகு பையில் மிச்சம் எவ்வளவு நிற்கிறது? மாத்திரையை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கண்புரை ஆபரேஷன் செய்வதாக இருந்தால் இந்த மாத்திரையைக் கண் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். சளிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். மூத்திரம் அடைத்துக்கொண்டு நடுராத்திரி ஓடி வருகிறவர்களில் அந்தக் கேஸும் உண்டு! கடலில் என்ன குடிக்கிறீர்கள்?

மண்டபம் டிரைவர்:
தண்ணீர் எங்கே? தேத்தண்ணிதான், தூக்கம் வராமல் இருக்க. மிச்சம் 140 மில்லி என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஓட்டம் அளக்கவில்லை.

யூராலஜி வார்டு நர்ஸ், ராமநாதபுரம்:
அந்தத் தேத்தண்ணியே பாதி முட்டலுக்குக் காரணமாக இருக்கும். ஓட்டத்தை அளந்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

மண்டபம் டிரைவர்:
சரிம்மா. கீழக்கரை அண்ணே, டியூபோடு பஸ்ஸிலா வந்தீர்கள்?

கீழக்கரை பெரியவர்:
கார்தான். பரமக்குடியில் நிறுத்திப் பையைக் காலி செய்தோம்.